நெல்லைச் சீமையில் தெருப்பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து வருகிறவர்களும், ஊரை விட்டுப் போய் லீவுக்குத் திரும்புகிற நம் ஆட்களும் திருப்பித் திருப்பிக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நெல்லை என்று சொல்லும்போது இன்றைய மாவட்டத்தை மட்டும் நினைக்கவில்லை. தென்காசியும் தூத்துக்குடியும் சேர்ந்த பழைய சீமையைத்தான் சொல்கிறேன். பாட்டுக்காரர்களுக்கு மாவட்ட எல்லை தெரியாது.

திருநெல்வேலியில் தெருவில் பாடுகிறவர்களை எந்த இடத்தில் கேட்கலாம்?

எந்த இடம் என்று கேட்பதைவிட எந்த மாதம் என்று கேளுங்கள். தொப்பியைக் கவிழ்த்து வைத்து, தினமும் ஒரே முக்கில் நின்று பாடுகிற வழக்கம் இங்கே கிடையாது. டவுன் ரத வீதியில் ஒரு நாள் காது கிழிய மேளம் கேட்கும். மறுநாள் அதே இடத்தில் ஆட்டோ ஹாரனும் அல்வாக் கடைக் கூட்டமும்தான் இருக்கும். இங்கே பாட்டு ஒரு காரியத்துக்காகத் தெருவுக்கு வரும், காரியம் முடிந்ததும் போய்விடும். சாமிக்குக் கொடை, நேர்ச்சை, நோன்பு, கிறிஸ்துமஸ், சாவு என்று காரியம் ஏதாவது இருக்கும். அது என்னவென்று தெரிந்துகொண்டால் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

சரி, எந்த மாதம் வந்தால் என்ன கேட்கலாம்?

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் கொடைக் காலம். கொடை என்றால் ஊர்ச் சாமிக்கு எடுக்கும் விழா. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களில் வில்லுப்பாட்டும் (சுருக்கமாக வில் என்போம்) கணியான் கூத்தும் நையாண்டி மேளமும் ஒரே வாரத்தில் பல ஊர்களில் நடக்கும். பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளியை ஒட்டித்தான் கொடை வைப்பார்கள். முந்தின நாள் இரவு சாமியை அழைக்கும் குடியழைப்பு, மறுநாள் மதியக்கொடை, அன்று நள்ளிரவில் சாமக்கொடை. ஒரே ஒரு இரவுதான் கையில் இருக்கிறது என்றால் சாமக்கொடைக்குப் போங்கள். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில்களைத் தேடி ஊரே காலியாகும். அன்று பஸ்ஸில் இடம் கிடைப்பதே பெரிய காரியம்.

ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம். நான்கு ரத வீதியிலும் தேருக்கு முன்னால் மேளங்கள் போகும். ஆடியில் மறுபடி அம்மன் கோயில் கொடைகள் வரும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் ஜனங்கள் கூடுவார்கள். குற்றாலத்தில் சாரல் விழுகிற சமயம் அரசு நடத்தும் சாரல் திருவிழாவில் நாட்டுப்புறக் கலைகளை மேடையேற்றுவார்கள். அது மேடைதான், தெரு இல்லை. குளித்த கையோடு ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

புரட்டாசி என்றால் தசரா. அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன். மார்கழி விடியற்காலையில் ஆர்மோனியமும் ஜால்ராவுமாக பஜனைக் கோஷ்டிகள் தெருச் சுற்றும். அதே மாத இரவுகளில் பாளையங்கோட்டைப் பக்கம் சபைக்காரர்கள் கிறிஸ்துமஸ் பாட்டோடு சுற்றிவரும் கேரல் ரவுண்டு நடக்கும். தையில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் கூட்டங்கள் காவடிச் சிந்தும் கோஷமுமாகச் சாலையை நிறைக்கும். ரமலான் மாதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவதால் அதற்கு மட்டும் அந்த வருடத்து காலண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். பாட்டுக்காரர்களும் வீட்டில் இருப்பார்கள். பேசிப் பழகுவதற்கு அதுதான் நல்ல சமயம்.

இரண்டு நாள் வேலையாக வந்திருக்கிறேன், திருவிழா எதுவும் இல்லை. ஒன்றுமே கேட்க முடியாதா?

கேட்கலாம். பாசஞ்சர் ரயிலில் ஏறுங்கள். திருச்செந்தூர் வண்டியிலோ செங்கோட்டை வண்டியிலோ பார்வையற்ற பாட்டுக்காரர் யாராவது ஏறினால் உங்களுக்கு யோகம். முன்பெல்லாம் வெறுங்குரலும் கைத்தாளமும்தான். இப்போது தோளில் ஒரு சின்ன ஸ்பீக்கரும் அதில் கரோக்கி டிராக்கும் வந்துவிட்டன. குரலை டிராக் அமுக்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் ரயில் சத்தத்தை மீறிப் பாடித் தொண்டை கட்டிப்போகிறவருக்கு அந்த ஸ்பீக்கர் எவ்வளவு உதவி என்று அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

தெருக்களில் பூம்பூம் மாட்டுக்காரர் எப்போதாவது உறுமியோடு வருவார். எந்தக் கிழமை, எந்தத் தெரு என்று யாராலும் சொல்ல முடியாது.

வில்லுப்பாட்டை மேடையில்தானே பார்த்திருக்கிறோம்? அதைத் தெருப்பாட்டு என்று எப்படிச் சொல்வது?

டி.வி.யிலும் சபாவிலும் பார்த்தது வில்லின் ஒரு கிளை. அதைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனதில் நம் சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2022 அக்டோபரில் காலமானார். காந்தி கதையையும் பாரதி கதையையும் நகைச்சுவையோடு சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கும் வில் அது.

கொடையில் நடக்கும் வில் வேறு. தெருவை மறித்தோ கோயில் வாசலிலோ பந்தல் போட்டு, சாமிக்கு நேர் எதிரே வில்லை வைப்பார்கள். பாடுகிறவர் முகம் சாமியைப் பார்த்து இருக்கும். ஜனங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். பாட்டு சாமிக்கு, நாம் கூட இருந்து கேட்கிறோம், அவ்வளவுதான். நாம் கை தட்டினாலும் தட்டாவிட்டாலும் பாட்டு நடக்கும்.

நடுவில் ஆளுயரத்தைத் தாண்டும் வில். அதில் மணிகள் கட்டியிருக்கும். மண்குடத்தின் கழுத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். தலைமைப் பாடகர் இரண்டு கையிலும் வீசுகோல் பிடித்து நாணில் அடிக்கும்போது மணி குலுங்கும். குடக்காரர் பத்தி என்கிற தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் அறைவார். அந்த ‘தொம்’ நெஞ்சுக்குள் வந்து விழும். கூடவே உடுக்கு, ஜால்ரா, தாளக் கட்டை. இப்போது பல குழுக்களில் ஆர்மோனியமும் தபலாவும் உண்டு. தலைமைப் பாடகர் ஒரு அடி பாடினால் மற்றவர்கள் அதைத் திருப்பி எடுப்பார்கள். இடையில் ஒருவர், “அப்புறம் என்னாச்சு?” என்று கேட்டுக் கதையை நகர்த்துவார்.

கதை விறுவிறுப்பாகி, சாமி பிறக்கும் இடமோ மாடன் புறப்படும் இடமோ வந்ததும் வில்லின் வேகம் கூடும். அந்த நேரத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். தாளம் சட்டென்று தளர்ந்தால் சாமி இறங்காது. அதனால் பாடகரின் கண் பாதி சாமியாடி மேலேயே இருக்கும். பாட்டின் ஏற்ற இறக்கத்தைப் பந்தலுக்குள் நடப்பதுதான் முடிவு செய்கிறது. இதை எந்த மேடையிலும் கேட்க முடியாது.

கணியான் கூத்தும் வில்லுப்பாட்டும் ஒன்றா?

இல்லை. ஒரே கொடையில் இரண்டும் நடக்கலாம், ஆட்கள் வேறு, வாத்தியம் வேறு. கணியான் கூத்துக்கு மகுடம்தான் உயிர். வட்ட மரச்சட்டத்தில் தோல் கட்டிய பறை அது. இரண்டு மகுடம் இருக்கும். ஒன்று உச்சம், மற்றது மந்தம். அண்ணாவி என்கிற தலைமைப் பாடகர் நின்றுகொண்டு உச்சக் குரலில் கதையை எடுப்பார், பின்பாட்டுக்காரர் தொடர்வார். பெண் வேடமிட்ட ஆண்கள் இரண்டு பேர் சலங்கை கட்டி ஆடுவார்கள். வில் உட்கார்ந்து பாடுவது, இது நின்றும் ஆடியும் பாடுவது. சுடலைமாடன் கோயில்களில் இதற்குத் தனி இடம் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கணியான் சமூகத்தார் மட்டுமே செய்துவரும் கலை இது.

மகுடத்தின் சத்தத்தை ஒலிபெருக்கி இல்லாமல், பத்தடி தூரத்தில் நின்று ஒரு தடவையாவது கேட்டுவிடுங்கள்.

பெண்கள் பாடுகிறார்களா?

வில்லில் பாடுகிறார்கள், குழுத் தலைமையும் ஏற்கிறார்கள். குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் சின்ன வயதிலேயே வில்லடிக்க வந்து, பல காலம் தென்மாவட்டக் கொடைகளில் கொடிகட்டிப் பறந்தவர். 2018-இல் மறைந்தார். இன்று பெண் தலைமையில் நடக்கும் வில்லுக்கு அழைப்பு குறைவில்லை.

கரகாட்டத்தில் ஆடும் பெண்களின் நிலைமை வேறு. ஆட்டத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிற கூட்டம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு, நையாண்டி மேளத்தின் காலப்பிரமாணத்துக்கு இம்மி பிசகாமல் அடி வைப்பவரைப் பார்த்து விசில் அடிக்கிறவனை என்ன சொல்ல? கமிட்டிக்காரர்கள் மைக்கில் ஒரு அதட்டல் போட்டாலே பாதி அடங்கும். பல ஊரில் போடுவதில்லை.

நையாண்டி மேளத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்களே, அது எப்படி நாட்டுப்புற இசை ஆகும்?

நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு, தாளம். செட்டுக்குச் செட்டு கொஞ்சம் கூடும் குறையும். கோயில் மேளத்தின் அதே நாகசுரமும் தவிலும்தான் இதிலும், வாசிப்பில்தான் வித்தியாசம். இங்கே ராகத்தை விரித்து ஆலாபனை செய்ய நேரமில்லை. ஆடுகிற காலுக்கு வாசிக்க வேண்டும். கும்மி மெட்டு, சிந்து மெட்டு, ஒப்பாரி மெட்டு என்று போய்க்கொண்டிருக்கும்போதே பழைய சினிமாப் பாட்டு ஒன்று நுழையும். டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் பாடிய காலத்து மெட்டுகளில் பல, கிராமத்து மெட்டிலிருந்து போனவைதாமே. போனது திரும்பி வருகிறது. இதில் தீட்டுப் பார்க்க எனக்கு மனமில்லை.

நெல்லைக்காரனுக்கு நாகசுரம் என்றாலே காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) நினைவு வரும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-இல் வந்த ஒரு படப்பாட்டில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகசுரம் வாசித்தார். அந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லி இன்றைக்கும் கல்யாண ஊர்வலத்தில் கேட்கப்படாத நாகசுரக்காரர் இல்லை. “அண்ணாச்சி, அந்த காருகுறிச்சி பாட்ட ஒரு வாட்டி...” என்று தயக்கத்தோடு கேட்பார்கள். நன்றாக வாசிக்கிறவர் சிரித்துக்கொண்டே நாகசுரத்தின் ஊதுவாயான சீவாளியை நனைப்பார். தேறாதவர், “கடைசில வாசிக்கேன்” என்று நழுவிவிடுவார்.

இந்தப் பாட்டுகள் எவ்வளவு பழையவை?

ஒவ்வொன்றும் ஒரு வயது. காவடிச் சிந்தை எழுதியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீனில் இருந்தவர், முப்பது வயது முடிவதற்குள் 1891-இல் இறந்துபோனார். கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போகும் வழிநடைக்காகப் பிறந்த மெட்டு அது. நடந்துகொண்டே பாடினால்தான் அதன் குதிப்பு புரியும். கேரல் ரவுண்டில் ஆங்கில மெட்டுகளுக்கு நடுவே வரும் தமிழ்க் கீர்த்தனைகளில் பல, 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் இயற்றியவை.

வில்லுக் கதைகளுக்கு இப்படி ஒரு ஆளையும் ஆண்டையும் சொல்லிவிட முடியாது. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்தவன் சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளை மணந்து, மாமனார் வீட்டுத் தொழிலான செருப்புத் தைப்பதை ஏற்று, மாட்டைக் களவாட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த கதை. அவனே சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான். இன்றைக்கும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. இந்தக் கதைகளை ஏட்டிலிருந்தும் பாடகர்களிடமிருந்தும் தேடி அச்சுக்குக் கொண்டுவந்தவர்களில் நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) முக்கியமானவர். வில்லில் கேட்பதற்கு முன்னால் அவர் பதிப்பித்ததை ஒருமுறை படித்துவிட்டுப் போனால், எந்த இடத்தில் பாடகர் சொந்தச் சரக்கை நுழைக்கிறார் என்பது பிடிபடும்.

தசரா சமயத்தில் வேஷம் போட்டு மேளத்தோடு கடை கடையாக வருகிறார்களே, அவர்கள் யார்? காசு கொடுக்க வேண்டுமா?

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள். விரதம் இருந்து, காளி, குறவன் குறத்தி, போலீஸ், குரங்கு என்று நேர்ந்த வேஷத்தைக் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை பிரித்து, பத்தாம் நாள் சூரசம்ஹாரத்துக்குக் குலசையில் போய்ச் சேருவார்கள். பிரித்த பணம் கோயில் உண்டியலுக்கு. அதனால் இது பிச்சை இல்லை. பேங்க் மேனேஜரும் இதில் கை நீட்டுவார், கொத்தனாரும் நீட்டுவார். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். கொடுக்காவிட்டால், “இல்லப்பா, அடுத்த கடையப் பாரு” என்று அவர்களை விரட்டாதீர்கள்.

தசராக் குழுக்களின் அடி தனி அடி. தவிலும் டிரம்மும் சேர்ந்து வேகமாகப் போகும், நடுவில் உடுக்கு வந்து காளி ஆடும். பெரிய குழுக்கள் கரகாட்டம், நையாண்டி மேளம் எல்லாம் பேசிக் கூட்டி வரும். திருச்செந்தூர் சாலையில் ஏதாவது ஒரு சின்ன ஊர் பஸ் ஸ்டாப்பில் மாலை நாலு மணிக்கு மேல் நின்றால் போதும், ஒன்று மாற்றி ஒன்றாக வரும்.

குலசைக் கூட்டம் ஒத்துவராது என்கிறவர்களுக்குப் பாளையங்கோட்டை தசரா இருக்கிறது. விஜயதசமி இரவில் பன்னிரண்டு அம்மன்களின் சப்பரங்கள் அணிவகுக்கும், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மேளம். நடந்தே எல்லாவற்றையும் கேட்டுவிடலாம்.

ரமலானில் விடியலுக்கு முன்னால் பாடிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

குறைந்துவிட்டார்கள், முற்றிலும் போய்விடவில்லை. பக்கிர்கள் கையில் தாயிரா என்கிற கைப்பறையோடு, நோன்பு வைப்பவர்களை சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பத் தெருவெல்லாம் பாடி வருவார்கள். நபிமார், அவுலியாக்கள் புகழ்தான் பாட்டு. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் வளர்ந்தவர்களிடம் கேட்டால் பாட்டின் வரி மறந்திருக்கும், தாயிராவின் அடி மறந்திருக்காது. செல்போன் அலாரம் வந்தபின் எழுப்புவதற்கு ஆள் தேவைப்படவில்லை. பெருநாளன்று வீடு வீடாக வந்து அன்பளிப்பு வாங்கிப் போவார்கள். உங்கள் தெருவுக்கு வந்தால் நிறைவாகக் கொடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? நமக்குப் பிடித்த பாட்டைப் பாடச் சொல்லலாமா?

ரயில் பாட்டுக்காரருக்கு ஒரு டீ வடைக்குக் குறையாமல் கொடுங்கள். சில்லறையைத் தேடித் துழாவி மிச்சமிருக்கும் ஒற்றை ரூபாயைப் போடுவதற்குப் பேசாமல் இருக்கலாம். பாட்டு கேட்டு வாங்கினால் அதற்குத் தனியாக, நோட்டாக.

கொடையில் நடப்பது வேறு. குழுவுக்குக் கமிட்டி பேசிய தொகை உண்டு. அதற்கு மேல் பார்க்கிறவர்கள் அன்பளிப்பு கொடுப்பார்கள். பாடகர் கதையை நிறுத்தி, கொடுத்தவர் பெயரையும் ஊரையும் தொகையையும் மைக்கில் சொல்லி வாழ்த்துவார். பெயர் கேட்கும் ஆசையில் நூறு நூறாகப் பத்துத் தடவை நீட்டுகிற ஆட்கள் உண்டு. கதை பத்து இடத்தில் அறுந்துபோகும். தயவு செய்து இடைவேளையில் மொத்தமாகக் கொடுங்கள். சாமிக் கதை நடக்கும்போது சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்புவதும் வேண்டாம். பாட்டுக்குப் பாட்டு வேண்டுமென்றால் நையாண்டி மேளக்காரரிடம் கேளுங்கள், அவருக்கு அது பழக்கம்தான்.

போனில் வீடியோ எடுக்கலாமா?

தசராக் குழுவும் மேளமும் மறுக்க மாட்டார்கள், கேட்டுவிட்டு எடுங்கள். சாமியாடி முன்னால் போனை நீட்டாதீர்கள். ஊர்க்காரர் யாராவது, “ஏய், போனை உள்ள வய்யி” என்று சத்தம் போட்டால் வாதாடாமல் உள்ளே வையுங்கள். ரயிலில் பாடும் பார்வையற்றவரைக் கேட்காமல் எடுத்து, சோகப் பின்னணி இசை சேர்த்துப் போடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அவர் பாடகர், உங்கள் கருணைக்குச் சாட்சி இல்லை.

கொடைகளில் இப்போது செண்டை மேளம்தான் அதிகம் கேட்கிறது. ஏன்?

செங்கோட்டை தாண்டினால் கேரளம், பக்கம்தான். ஒரே மாதிரி வேட்டி கட்டிய இருபது முப்பது பேர் வரிசையாக நின்று அடித்தால் வீடியோவில் எடுப்பாக இருக்கிறது, ஊருக்கும் பெருமை. செண்டை நல்ல வாத்தியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செண்டைக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, அதே கமிட்டி பக்கத்து ஊர்க் கணியானிடம் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. மாடனுக்குக் கதை சொல்ல செண்டைக்காரரால் ஆகுமா?

இரவு 10 மணிக்கு மேல் தடை இருக்கிறதே, விடிய விடிய எப்படி நடக்கிறது?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்காக நள்ளிரவு 12 வரை, ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், மாநில அரசு தளர்வு தரலாம். கமிட்டிக்காரர்கள் முன்கூட்டியே காவல் நிலையத்தில் மனுக் கொடுத்துத் தேதியும் நேரமும் வாங்குகிறார்கள். சில ஊர்களில் நேரமானதும் மைக்கை அணைத்துவிட்டுக் கதையைத் தொடர்வார்கள். அப்போது இன்னும் கிட்டப்போய் உட்காருங்கள். மைக் இல்லாத வில்லும் குடமும் அவ்வளவு துல்லியமாகக் கேட்கும்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. சாமக்கொடையில் பலி கொடுக்கும் கோயில்கள் உண்டு, விசாரித்துக்கொண்டு போங்கள்.

வீட்டு விசேஷத்துக்கு ஒரு குழுவை அழைக்க வேண்டும். எப்படி?

ஏதாவது கொடையில் நேரில் கேட்டு, பிடித்திருந்தால் அங்கேயே தலைமைப் பாடகரிடம் நம்பர் வாங்குங்கள். வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுப்பதுதான் முறை. கொடைக் காலத்தில் கடைசி வாரம் போய்க் கேட்டால் யாரும் கிடைக்க மாட்டார்கள். எத்தனை மணி நேரம், என்ன கதை, வண்டி வாடகை யார் பொறுப்பு, ராத்திரிச் சாப்பாடும் தங்க இடமும் உண்டா, எல்லாவற்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பெண்கள் இருக்கும் குழுவென்றால் உடை மாற்ற அறை கட்டாயம். இதைப் பல பேர் மறந்துவிட்டு, கடைசி நேரத்தில் மாட்டுக் கொட்டகையைக் காட்டுகிறார்கள்.

கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா?

நாகசுரமும் தவிலும் என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேரலாம். ஆராய்ச்சி நோக்கில் வருகிறவர்கள் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையைப் போய்ப் பார்க்க வேண்டும். வில்லுக்கும் மகுடத்துக்கும் குழுவோடு கூடவே போவதுதான் நல்ல பள்ளிக்கூடம். முதல் வருடம் ஜால்ராதான் கையில் கொடுப்பார்கள். தாளம் நின்றபின் கட்டை, அப்புறம் பின்பாட்டு. வீசுகோல் எப்போது கைக்கு வரும் என்பதை அண்ணாச்சி முடிவு செய்வார். தொழிலாகவே எடுத்துக்கொண்டவர்கள் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்கிவிட வேண்டும். வயதான பிறகு அலைவதைவிட இருபது வயதிலேயே அதை முடித்துவைப்பது நல்லது.